ஒன்றரைக் கிலோ

எடைமேடையில் எனக்கு வேலை.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்து நிற்கும்.
சிவப்பு எண்கள் துள்ளி அடங்கும்.
அடங்கிய எண்ணை எழுதித் தருவேன்.
பதினேழு வருடமாக.

அன்று இருநூறு கிலோ இடித்தது.
புது அதிகாரி, இருபத்தாறு வயதிருக்கும்,
டிரைவர்கள் வரிசையில் நின்று பார்க்க
ரசீதை மேசைமேல் வீசி
கண் தெரியுமா உனக்கு என்றான்.
தெரியும் சார் என்றேன்.
என் பெயர் அறிவுடைநம்பி.
அப்பா ஆசையாய் வைத்தது.

ஏழரைக்கு வீராவில் ஏறினேன்.
கதவு சாத்தும் சத்தம் எனக்குப் பிடிக்கும்.
அதற்கப்புறம் யாருக்கும் சார் போட வேண்டியதில்லை.
பெருவிரலை அமுக்கினால் ஒரு டன் இரும்பு
கேள்வி கேட்காமல் பாய்கிறது.
வீட்டில், ஆலையில், கோயில் கமிட்டியில்
என் பேச்சை இப்படி எது கேட்கிறது?

மழை விட்ட ரோடு.
இரண்டு பக்கமும் செம்பனை இருட்டு.
பாலம் தாண்டியதும்
ஒரு கஞ்சில் என்னை முந்திப் போனது.
சருகுமான் பெயர் வைத்த கார்.
பின்விளக்கில் ஒன்று எரியவில்லை.

அவ்வளவுதான் நடந்தது.
இடம் பார்த்து, சிக்னல் போட்டு,
யாரோ முந்திப் போனார்கள்.
எனக்குக் கேட்டதோ
கண் தெரியுமா உனக்கு.

அதற்குள் ஓர் ஆள் இருக்கும் என்று
தோன்றவே இல்லை.
ஒரு நம்பர் பிளேட். ஒரு திமிர்.
ஹைபீமைப் போட்டேன்.
பின்கண்ணாடியில் இருந்த பூனை ஸ்டிக்கர்
வெளுத்துப் போகும் அளவுக்கு நெருங்கினேன்.
வேகம் கூட்டியது. பார், திமிர்.
வேகம் குறைத்தது. பார், சீண்டல்.
ஓரமாய் ஒதுங்கி வழி விட்டது.
நானும் அதன் பின்னால் ஒதுங்கினேன்.

எனக்கு வேண்டியது வழி இல்லை என்று
அப்போதாவது தெரிந்திருக்க வேண்டும்.

வளைவில் எதிரே ஒரு லாரி
ஹார்ன் அலற உரசிக்கொண்டு போனது.
பயம் வரவில்லை.
உண்மையைச் சொன்னால், நன்றாக இருந்தது.
காலையிலிருந்து அப்போதுதான்
முதல்முறையாகப் பசித்தது.

ஊத்தான் மெலிந்தாங் டவுன் தொடங்கும் இடத்தில்
கஞ்சில் பெட்ரோல் ஸ்டேஷனுக்குள் பாய்ந்து
வெளிச்சத்தடியில் நின்றது.
நான் கொஞ்சம் தள்ளிப் போய்
ரோட்டோரம் நிறுத்தி, விளக்கணைத்து,
சீட்டுக்கடியில் கைவிட்டு
ஸ்டியரிங் பூட்டை எடுத்தேன்.
ஒன்றரைக் கிலோ.
எனக்கு எடை தப்பாது.

காரிலிருந்து இறங்கியது காக் ரொகாயா.
ஆலைக் கேண்டீனில் எனக்கு மட்டும்
நெத்திலி அதிகம் வைத்து
நாசி லெமாக் மடிப்பவள்.
சாவி அவள் கையில் நிற்காமல் குலுங்கியது.

நம்பி, நீயா, நல்லவேளை என்றாள்.
யாரோ ஒரு கிலா
பாலத்திலிருந்து துரத்திக்கொண்டே வந்தான்,
நீ பார்த்தாயா?
பிறகு என் கையைப் பார்த்தாள்.
எனக்காகவா இதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய்
என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஆமாம் என்றேன்.

வீடுவரை பின்னால் வருகிறாயா என்று கேட்டாள்.
நாற்பதில் போனாள். நாற்பதில் போனேன்.
நாலு தடவை கண்ணாடியில் பார்த்தாள்.
என்னையா, என் விளக்கையா,
தெரியவில்லை.
வாசலில் அவள் மகன்
இரண்டு கையாலும் என் கையைப் பற்றினான்.
அதே கையை.

திரும்பும் வழியில், அதே பாலத்தில்,
ஒரு மோட்டார் என்னை முந்தியது.
பெருவிரல் தானாக இறங்கியது.
குனிந்து பார்த்தேன்.
என் கால்தான்.

மறுநாள் முட்டை ஒன்று சேர்த்து மடித்தாள்.
காசு வேண்டாம் என்றாள்.
எடைமேடைக்கு எடுத்துப்போய்ப் பிரித்தேன்.
முழுசும் தின்றேன்.
விஷயம் அதற்குள் பரவியிருந்தது.
அந்தக் கிலா பிடிபட்டானா என்று
லாரியிலிருந்து எட்டிக் கேட்டார்கள்.

இன்னும் இல்லை என்றேன்.
சிவப்பு எண்கள் துள்ளிக்கொண்டிருந்தன.